நோர்பரியில் எல்லோருக்கும் ஓம்

வாத்தியார் வேலையில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். தேர்தல் டூட்டி. தேர்தல் அறிவித்துவிட்டால் போதும், திருச்சியில் எங்களைப் போன்ற அரசுப் பள்ளி ஆசிரியைகளைப் பிடித்து லாரியில் ஏற்றி, வாக்குப் பெட்டியோடு எங்காவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பெஞ்சில் படுத்து, விடியுமுன் எழுந்து, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, மாலைவரை ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்க வேண்டும். மை விரலில் சரியாக விழவில்லை என்றால் அதற்கும் நான்தான் பொறுப்பு.

அதனால், தொண்ணூறுகளின் நடுவில் ஊரெல்லாம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துச் சின்னம் வரையத் தொடங்கியிருந்த ஒரு கோடையில், லண்டனில் இருக்கும் தங்கை வசந்தாவுக்குப் பிரசவம் என்று லீவு எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரியா இந்த மாசம் பார்த்தா பிரசவம்?" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கடல் தாண்டிவிட்டால் எந்தத் தேர்தல் என்னைத் துரத்தும் என்று நினைத்தேன்.

விசா இழுத்தடித்ததில் குழந்தை முந்திக்கொண்டாள். நான் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியபோது அவளுக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளியே வந்தால் என் பெயரை எழுதிய அட்டைகள் இரண்டு. ஒன்றை ஒல்லியான ஒருவரும் இன்னொன்றைக் கோட்டு போட்ட பருமனான ஒருவரும் பிடித்திருந்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தார்கள்.

"அக்கா, நான் அன்ரன். சிவாவின்ர ஃப்ரெண்ட். வாங்கோ, கார் நிக்குது" என்று ஒல்லியானவர் என் கைப்பையை வாங்கினார். "அக்கா, நான் குலசிங்கம். சிவா ஷிப்டால வந்து படுத்திட்டான், நான்தான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னனான்" என்று பருமனானவர் பெட்டி வைத்த வண்டியைப் பிடித்தார். கடைசியில் நான் ஒரு காரிலும் என் பெட்டி இன்னொரு காரிலுமாக லண்டனுக்குள் நுழைந்தோம்.

சிவா என்பது என் தங்கையின் கணவர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர். திருச்சியில் வந்து படித்த காலத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்து, மாடியோடு நிற்காமல் என் தங்கையையும் கட்டிக்கொண்டு போனவர். லண்டன் வந்த புதிதில் அவரும், மன்னார்க்காரர் அன்ரனும், சாவகச்சேரிக்காரர் குலசிங்கமும் ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் இருந்தார்கள். அறையில் ஒரே கட்டில். மூவருக்கும் வெவ்வேறு ஷிப்ட் என்பதால் கட்டில் ஒரு நாளும் சூடு ஆறியதில்லை என்று வசந்தா கடிதத்தில் எழுதியிருந்தாள். இப்போது மூவரும் தெற்கு லண்டனில் நோர்பரியில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் குடும்பத்தோடு இருந்தார்கள். அன்ரன் வாடகைக் கார் ஓட்டினார். குலசிங்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். சிவநேசனுக்கு இரவில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை.

வீட்டுக்குப் போகும் வழியில் அன்ரன் காரை ஓர் ஓரமாக நிறுத்தினார். "அக்கா, ஒரு நிமிசம். இந்த வீட்டில ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாறன்." ஒரு நிமிடம் என்றால் உள்ளே தேத்தண்ணீர், ரோல்ஸ் என்று மசாலா வைத்துச் சுருட்டிப் பொரித்த பண்டம், வாழைப்பழம். வீட்டுப் பெரியவர் அன்ரனின் கையைப் பிடித்து, "ஓம் ஓம், உங்களுக்குப் போடாமல் வேற ஆருக்குப் போடுறது?" என்றார். அடுத்த வீட்டிலும் அதே தேத்தண்ணீர், அதே ரோல்ஸ், அதே ஓம். ஓம் என்றால் அவர்கள் பேச்சில் ஆமாம். மூன்றாவது வீட்டில் நான் ரோல்ஸ் வேண்டாம் என்றேன்.  அதற்கு மூன்றாவது தட்டு என்பது மட்டும் காரணமில்லை. போடுவது, போடாதது என்று காதில் விழுந்ததுமே எனக்கு அரக்கு வாசனை அடித்துவிட்டது.

"தம்பி, இங்க ஏதாவது எலெக்‌ஷனா?" என்று கேட்டேன்.

"எலெக்சன் இன்னும் வரேல்ல அக்கா" என்றார் அன்ரன். "அதில ஆர் நிக்கிறது எண்டதுக்கு முதல் ஒரு எலெக்சன் இருக்கு. அதில நான் நிக்கிறன்."

விஷயம் இதுதான். அந்த வட்டாரத்துக் கவுன்சிலர் ஓய்வுபெற்றுக் கடற்கரை ஊருக்குக் குடிபோய்விட்டார். இடைத்தேர்தல் வரப்போகிறது. கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சியின் உள்ளூர் உறுப்பினர்கள் கூடி வாக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். எங்கள் ஊரில் இது எவ்வளவு சுலபம். தலைவர் பட்டியலைப் படிப்பார். பெயர் இல்லாதவர்கள் கட்சி ஆபீஸ் நாற்காலிகளை உடைப்பார்கள். மறுநாள் எல்லாரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இங்கே நாற்காலி உடைபடவில்லை, அதற்குப் பதிலாக ஒரு மாதமாக மனிதர்களின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்ரனை எதிர்த்து நின்றவர் குலசிங்கம். மூன்றாவதாக ஹாரிசன் என்று ஓர் ஆங்கிலேய அம்மாள் இருந்தார். அவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் பெட்டி சாயங்காலம்தான் வந்தது. குலசிங்கம் அதைத் தன் கையாலேயே ஒப்படைக்க விரும்பி, கடை மூடும்வரை காரிலேயே வைத்திருந்திருக்கிறார். தங்கைக்கென்று நான் கட்டிக்கொண்டு வந்த மாவடு ஜாடி உடைந்து, பெட்டியைத் தாண்டி, பக்கத்தில் இருந்த அவருடைய தேர்தல் நோட்டீஸ் கட்டுக்குள் ஊறியிருந்தது. மனிதர் அசரவில்லை. ரேடியேட்டரில் காயவைத்து விநியோகித்தார். அந்த வாரம் நோர்பரியில் எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் எங்கள் ஊர் மாவடு மணந்தது.

திருச்சியில் தேர்தல் காதால் வரும். ஆட்டோ, மைக், கொட்டு. லண்டனில் அது வாசல் மணியாக வந்தது. தெருவில் ஒரு கொடி கிடையாது, ஒரு கோஷம் கிடையாது. ஆனால் சிவநேசன் இரவு வேலை முடிந்து வந்து கண்ணை மூடினால் மணி அடிக்கும். குழந்தை கண்ணை மூடினாலும் மணி அடிக்கும். அது நின்றால் டெலிபோன் அடிக்கும். அப்பாவும் மகளும் தூக்கமில்லாமல் ஒரே மாதிரிச் சிவந்த கண்களோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். சிவநேசன் சமையலறைக்கு வந்து நின்றார். "அக்கா, உங்கட ஊரில ஒருத்தரும் வீட்டுக்கு வந்து கேக்க மாட்டினமோ?"

"வருவாங்க தம்பி. கும்பிடுவாங்க, போயிடுவாங்க. உட்கார்ந்து டீ குடிக்க மாட்டாங்க."

"நல்ல ஊர்" என்றார். சற்று நேரம் சாம்பாரையே பார்த்தார். "ரெண்டு பேரும் என்னட்டக் கேக்கினம். ரெண்டு பேருக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். வேற என்ன சொல்ல ஏலும்? அன்ரன்தான் என்னை அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனவன். எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்த நேரம் குலம் தன்ர ஷிப்ட விட்டுட்டுப் பக்கத்தில இருந்தவன். ஒருத்தனுக்குப் போட்டா மற்றவன் போயிடுவான். எனக்கு இஞ்ச வேற ஆர் இருக்கினம்?"  எனக்கு அந்த இரண்டு பேர் மீதும் சுள்ளென்று கோபம் வந்தது.

வசந்தாவுக்கு மட்டும் கவலை இல்லை. அவர்கள் வழக்கப்படி குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாள்தான் துடக்குக் கழிப்பார்கள். நாம் தீட்டு என்போமே, அதுதான். அதுவரை தாய் வெளியே போகக் கூடாது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டம் அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்தது. "எனக்குத் துடக்கு அண்ணை, நான் வரக் கூடாதே" என்று, கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்துவந்த வழக்கத்தை இப்போது இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளும் கட்சி உறுப்பினர்தான். ஒரு வாக்குப் போயிற்றே என்று இரண்டு வேட்பாளர்களும் வருந்தினார்கள்.

சிவநேசனும் அந்த வழியில் தப்பிக்கப் பார்த்தார். "எனக்கும் துடக்குத்தானே" என்றார். குலசிங்கம் விடவில்லை. "கட்சிக் கூட்டம் என்ன கோயிலே? நீ வாறாய்" என்றார். குலசிங்கம் ஆசாரமானவர். துடக்கு வீட்டுக்குள் வந்தால் குளிக்க வேண்டும் என்று முதல் வாரம் வாசலுக்கு வெளியிலேயே நின்று ஆதரவு கேட்டார். இரண்டாவது வாரம் நடையில் நின்றார். அன்ரன் சமையலறைவரை வருகிறார் என்று கேள்விப்பட்டதும் சோபாவில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் விருந்துக்கு வாழைக்காய், முருங்கைக்காய் பார்க்க ஒரு சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமுக்குக் குலசிங்கத்தோடு போனேன். போகும் வழியில், "அக்கா, ஒரு நிமிசம்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அதே மூன்று வீடுகள். அதே தேத்தண்ணீர், அதே ரோல்ஸ். அதே பெரியவர் குலசிங்கத்தின் கையைப் பிடித்து, "ஓம் ஓம், உங்களுக்குப் போடாமல் வேற ஆருக்குப் போடுறது?" என்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் வெளுத்தது. வாக்குச் சாவடி அதிகாரி வாயைத் திறக்கக் கூடாது. நான் ரோல்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கடைத்தெருவைப் பார்த்தபோது மனசு லேசாயிற்று. நகைக்கடை, புடைவைக்கடை, இடியாப்பம் விற்கிற கடை, வாசலில் முருங்கைக்காய்க் கட்டு. திரும்பும்போது கார் கிளம்ப மறுத்தது. காய்கறிப் பைகளோடு ரயிலில் வந்தோம். ரயில் சுரங்கத்துக்குள் காரணம் சொல்லாமல் நின்றது. எங்கள் ஊராயிருந்தால் இதற்குள் பத்துப் பேர் இறங்கிப் போய் டிரைவரை விசாரித்திருப்பார்கள். இங்கே எல்லாரும் பேப்பரை இன்னும் உயரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அமைதியில் குலசிங்கம் எதிரே இருந்த வெள்ளைக்காரரிடம், "நீங்கள் நோர்பரியிலா இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டார். அவர் இறங்க வேண்டிய இடம் அதுவாக இருக்காது என்பது என் எண்ணம்.

விருந்து எப்படி நடக்கப்போகிறது என்பதும் இந்த இருவர் கையில்தான் இருந்தது. காலைச் சடங்கு வீட்டில். மதியச் சாப்பாட்டுக்கு அன்ரன் தங்கள் மாதா கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருந்தார், சாவி அவரிடம். அரிசி, பருப்பு, வாழையிலை எல்லாம் குலசிங்கம் தருவது. "அக்கா, இதுல ஒருத்தர் முறைச்சுக்கிட்டாலும் என் பொண்ணுக்கு விசேஷமே இல்ல" என்றாள் வசந்தா.

கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பழைய மண்டபம். நாற்பது பேர் போல இருந்தார்கள். இரண்டு நண்பர்களும் போட்டி போட்டுச் சேர்த்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். பின்வரிசையில் நாலைந்து வெள்ளைக்கார முதியவர்கள், பிளாஸ்கோடு. என்னை ஒரு மூலையில் பார்வையாளராக உட்கார வைத்தார்கள். வாக்குச் சீட்டு இருக்கிற அறையில் வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

அன்ரன் எழுந்து ஆங்கிலத்தில் பேசினார். நூலகத்தில் தமிழ்ப் புத்தகம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இடம், கார் நிறுத்தும் தொல்லை. நல்ல பேச்சு. கைதட்டினார்கள். அடுத்து குலசிங்கம் எழுந்தார். வணக்கம் சொன்னார். நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் என்றார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இடம் என்றார். கார் நிறுத்தும் தொல்லைக்கு வந்தபோது அவருக்கே சந்தேகம் வந்து அன்ரனைப் பார்த்தார். அன்ரன் சிவநேசனைப் பார்த்தார். சிவநேசன் கூரையைப் பார்த்தார்.

மூவரில் ஆங்கிலம் நன்றாக எழுத வருவது அவருக்குத்தான். இருவரும் தனித்தனியாக வந்து இரகசியமாகப் பேச்சை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் மனிதர் முதல் பத்தியை மாத்திரம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

ஹாரிசன் அம்மாள் எழுந்தார். பஸ் நிறுத்தத்தில் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும் என்றார். உட்கார்ந்துவிட்டார்.

சீட்டும் கட்டைப் பென்சிலும் கொடுத்தார்கள். பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதைப் புள்ளடி என்கிறார்கள். ஒவ்வொருவராக மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார்கள். அன்ரன் அங்கே நெடுநேரம் நின்றார். குலசிங்கமும் நின்றார். மூன்றே பெயரில் ஒன்றுக்குக் குறி போட இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

தலைவர் எண்ணினார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். அன்ரனுக்கு ஒன்று. குலசிங்கத்துக்கு ஒன்று. மிச்சம் அத்தனையும் ஹாரிசன் அம்மாளுக்கு. அந்த அம்மாள் தன் காது சரியில்லையோ என்று பக்கத்துக் கிழவரைக் கேட்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நம்மவர்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாரும் பஸ் நேர அட்டவணையைப் பாராயணம் செய்வதுபோல் படித்தார்கள். அன்ரன் காரை எடுத்துக்கொண்டு போனார். குலசிங்கம் நடந்து போனார். இருவரும் சிவநேசனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வாரம் மணி அடிக்கவில்லை. டெலிபோனும் அடிக்கவில்லை. ஒரு மாதமாகத் தூக்கத்துக்கு ஏங்கிய மனிதர் இப்போது பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். "கூப்பிட்டுப் பேசுங்களேன் தம்பி" என்றேன். "என்னெண்டு கதைக்கிறது அக்கா?" என்றார். "ஒரே பேச்சை ரெண்டு பேருக்கும் குடுத்தனான். அதை மன்னிச்சாலும், வோட்டு ஆருக்குப் போட்டனி எண்டு கேப்பினம்." யாருக்குப் போட்டார் என்று நானும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காலை குழந்தைக்கு முடி இறக்கி, வீடு கழுவி, புண்ணியவாசனம் முடிந்ததும், கதவு திறந்திருக்குமோ என்று மண்டபத்துக்குப் போனோம். கதவு திறந்திருந்தது. அன்ரன் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். பின்வாசலில் குலசிங்கம் வாழையிலைக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும், நடுவே ஒரு மண்டபத்துத் தூரம். ஆனால் வந்துவிட்டார்கள். வசந்தா குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். எனக்கும் கண் நிறைந்தது.

நான் வடை தட்டிக்கொண்டிருந்தபோது சிவநேசன் சமையல் கட்டுக்குள் ஓடிவந்தார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"அக்கா, அன்ரன் என்னைக் கட்டிப்பிடிச்சு, எனக்கு விழுந்த அந்த ஒரு வோட்டு உன்ரதான் எண்டு எனக்குத் தெரியும், அதுக்காகத்தான் வந்தனான் எண்டு சொல்லுறான். குலமும் பின்வாசலில வைச்சு அதையேதான் சொல்லுறான்."

"நீங்க யாருக்குத்தான் போட்டீங்க?" பதினைந்து வருஷம் நான் யாரிடமும் கேட்கக் கூடாதிருந்த கேள்வி, வடைச் சட்டி முன்னால் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அந்த ஹாரிசன் மனிசிக்கு" என்றார் மெதுவாக.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசனை வந்தது. தனக்கு விழுந்த ஒரே வாக்கு சிவநேசனுடையது என்று ஒருவர் நினைக்கிறார் என்றால், அவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளவில்லை. இன்னொருவரும் அப்படித்தான்.

பந்தி உட்கார்ந்தது. அன்ரன் ஒரு கோடி, குலசிங்கம் மறு கோடி. சிவநேசன் சாம்பார் வாளியோடு நடுவில் நின்றார். நான் வடை பரிமாறிக்கொண்டு அன்ரனிடம் போய், ஊர்ப் பள்ளிக்கூடத்துக் குரலிலேயே கேட்டேன்.

"அன்ரன் தம்பி, உங்களுக்கு விழுந்தது ஒரு ஓட்டு. அது சிவாவோடதுன்னா, உங்க ஓட்டு எங்க போச்சு?"

பந்தி முழுதும் கை நின்றது. அன்ரன் இலையைப் பார்த்தார். "பென்சிலைப் பிடிச்சாப்பிறகு, என்ர பேருக்கு நானே புள்ளடி போடுறது வெக்கமா இருந்தது அக்கா. குலத்தின்ர பேர் மேல கிடந்தது. போட்டுட்டன்."

மறு கோடியில் குலசிங்கம் எழுந்து நின்றுவிட்டார். "நான் உனக்கெல்லோ போட்டனான்" என்றார்.

 பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிவநேசனைத் திரும்பிப் பார்த்தார்கள். "அப்ப நீ?" என்றார் குலசிங்கம்.

சிவநேசன் வாளியைக் கீழே வைத்தார். "ஹாரிசனுக்கு" என்றார். "உங்களில ஒருத்தனுக்குப் போட்டா மற்றவன் என்னை விட்டுப் போயிடுவான் எண்டு பயந்தனான். எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

நடு வரிசையில் இருந்த ரோல்ஸ் வீட்டுப் பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "நானும் அப்பிடித்தான், தம்பி" என்றார். அவர் மனைவி, "நானும்" என்றார். எதிர் வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினார், அப்பளத்தோடு. அதற்குப் பிறகு பந்தி நெடுக ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தான் செய்த துரோகம் தெரிந்துவிடுமோ என்று ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்திருக்கிறார்கள்.

அன்ரன் இலையைக் கையில் தூக்கிக்கொண்டு, சாம்பார் சொட்டச் சொட்ட, மண்டபத்தின் நீளத்துக்கும் நடந்து குலசிங்கத்தின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒருத்தரை விட்டு ஒருத்தர் ஏலாது எண்டது, இத்தினை சனத்துக்கும் முதலே விளங்கின விசயம்" என்றார், "எங்கள் ரெண்டு பேருக்கும் பென்சிலைக் கையில பிடிக்கேக்கதான் விளங்கியிருக்கு."

குலசிங்கம் தன் இலையிலிருந்த வடையை எடுத்து அன்ரனின் இலையில் வைத்தார். நான் சிவநேசனின் வாளியை வாங்கிக்கொண்டு அவரை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் சாப்பிடத் தொடங்கி, இரண்டாம் தரம் சோறு கேட்டு, ரசத்துக்கு வருமுன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். குலசிங்கம் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அன்ரன் எழுந்துபோய் மண்டபத்து வாசல் மணியைக் கழற்றிவிட்டு வந்தார்.